பெயர் ஒட்டாத பானை

வெர்லீன் ஹ்ருஷ்காவை நான் முதன்முதலில் சந்தித்தது 2011ஆம் ஆண்டு அக்டோபர் எட்டாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு. இடம், லிண்டாவ் தீயணைப்புக் கொட்டகையின் பின்வாசல். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பத்தாவது நிமிடத்திலிருந்து அன்று மாலை ஆறு மணிவரை கொட்டகைச் சுவரில் இருந்த கடிகாரத்தை நான் பார்த்த அளவுக்கு வேறெந்தக் கடிகாரத்தையும் பார்த்ததில்லை.

நான் கொண்டுபோன பானையை அவர் கையில் வாங்கினார். "கைப்பிடி சுடுது. துணி வெச்சுப் பிடிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். பிறகு மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். தேவைக்கு ஒரு நொடி கூடுதலாகவே பார்த்தார். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பானையைச் சாய்த்து, அண்டாவுக்குள் ஊற்றினார்.

லிண்டாவில் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை சில்லி விருந்து. அரைத்த மாட்டிறைச்சி, சிவப்பு ராஜ்மாப் பயறு, தக்காளி, வெங்காயம், சீரகம், மிளகாய்ப்பொடி எல்லாம் கெட்டியாக ஒன்றுகூடி வேகும் சில்லி என்ற குழம்பை, மேலே சர்க்கரைப் பாகு பூசிய இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியோடு சாப்பிடுவது நெப்ராஸ்கா வழக்கம். விருந்துக்காக வீட்டுக்கு ஒரு பானை வரும். நாற்பது வீடுகளின் நாற்பது பானைகளும் ஒரே அண்டாவில் ஊற்றப்படும். யாருடையது காரம், யாருடையது நீர்த்தது என்று ஒரு காலத்தில் மூண்ட சண்டையில் இரண்டு தேவாலயங்கள் ஆறு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தனவாம். அதன்பின் வந்த ஏற்பாடு இது. தனிப்பானையை யாரும் ருசி பார்க்கக் கூடாது. அண்டாவில் விழுந்த பிறகு யாருடையது என்று யாரும் கேட்கக் கூடாது. பானையின் அடியில் பெயர் எழுதி டேப் ஒட்டுவது, கழுவிய பின் திருப்பிக் கொடுப்பதற்காக மட்டுமே.

நான் ஊருக்கு வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. உயர்நிலைப் பள்ளியில் இலக்கண ஆசிரியை வேலை. முதல் வருட ஒப்பந்தம். வெர்லீன் அதே பள்ளியின் தலைமைச் சமையல்காரம்மா. மதிய உணவை என் வகுப்பறையிலேயே சாப்பிட்டு வந்ததால் அவரை நேரில் பார்த்திருக்கவில்லை. ஆனால் அவரைப் பற்றிய பேச்சு என் காதுக்கு வந்திருந்தது. அந்த மார்ச்சில் முப்பத்தோரு பிள்ளைகள் ஒரே நாளில் வாந்தி எடுத்தார்கள். அது தொற்றுக் கிருமியால் வந்தது, உணவால் அல்ல என்று மாவட்டச் சுகாதார நர்ஸ் எழுதிக்கொடுத்தார். கடிதத்தைப் படித்தவர்கள் சிலர். வாந்தியைத் துடைத்தவர்கள் பலர். பள்ளி நிர்வாகக் குழு அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதை நவம்பர்வரை ஒத்திவைத்தது. அதற்குள் இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும், வராவிட்டால் தொடரும். அவருக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. இருபத்திரண்டு வருடமாக விடியற்காலை ஐந்தரைக்கு அந்தச் சமையலறை விளக்கைப் போட்டவர் அவர். இன்னும் மூன்று வருடம் போட்டுவிட்டு, தானே அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மார்ச்சுக்குப் பின் அவர் ஏப்ரனின் பையில் எப்போதும் ஒரு வெப்பமானி இருந்தது. பாலை அளப்பார், இறைச்சியை அளப்பார், பாத்திரம் கழுவும் நீரையும் அளப்பார். பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பாராம். யாராவது வயிற்றில் கை வைத்தால் இவர் கையில் கரண்டி அப்படியே நின்றுவிடுமாம்.

அன்று எனக்குத் துடுப்பு போடும் வேலை கொடுத்தார்கள். ஆள் உயர மரத் துடுப்பால் அண்டாவின் அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெந்து வந்ததைச் சூடாக வைத்திருப்பது மட்டுமே அண்டாவின் வேலை. அதைக் கொதிக்க விடுவதில்லை. கொட்டகைக் கதவு ஐந்து மணிக்குத் திறக்கும். அறுவடைக் காலம் என்பதால் ஆண்கள் சோளக்கொல்லையிலிருந்து இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, அரை மணியில் சாப்பிட்டு, திரும்பிப் போவார்கள்.

நான்கு இருபதுக்கு வெர்லீன் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊதி வாயில் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். உள்ளங்கையில் எதையோ துப்பிப் பார்த்தார். காகிதத் துண்டு ஒன்றை மேசையில் விரித்து அதன்மேல் வைத்தார். இன்னொரு கரண்டி எடுத்து விரலால் துழாவினார். மூன்று கரண்டிகளில் ஐந்து பயறுகள் கிடைத்தன. தோல் விரியாத, பளபளப்பான, நகத்தால் அழுத்தினால் நசுங்காத பயறுகள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஊரில் எல்லோரும் டின்னில் வரும் பயறைத்தான் போடுவார்கள். அது தோல் வெடித்து, மாவாகக் குழைந்துதான் வரும். டின்னைத் திறப்பது சோம்பேறித்தனம் என்று நினைத்து, காய்ந்த பயறு வாங்கி, இரவு ஊறவைத்து, காலையில் தக்காளியோடு மின்சாரப் பானையில் போட்டு, மிதமான சூட்டில் வைத்துவிட்டுப் போனவள் நான் ஒருத்தி. குழம்பை ருசி பார்த்தேன், நன்றாக இருந்தது. பயறை மென்று பார்க்கவில்லை. புளிப்பில் பயறு வேகாது என்பது எனக்குத் தெரியாது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் தெரியாது. அதை வெர்லீன் தீயணைப்புப் படைத் தலைவர் டுவெய்ன் கோல்டர்மனிடம் சொல்லும்போதுதான் கேட்டேன். டுவெய்னும் அவரும் பள்ளியில் ஒரே வகுப்பு.

"டுவெய்ன், கதவைத் திறக்காதே."

"ஏன், ரொட்டி வரலையா?"

"இந்தப் பயறைப் பாரு. வேகலை."

"நாலு பயறு கடுக்குனு இருந்தா என்ன? ஷிமெக் கெழவனுக்குப் பல்லே கெடையாது, முழுங்கிடுவான்."

"கொதிக்காம வெந்த சிவப்புப் பயறு விஷம்டா. பச்சையா தின்னாக்கூட அவ்வளவு கெடுதல் இல்லை, அரைச் சூட்டுல வெந்ததுதான் மோசம். அஞ்சு பயறு உள்ள போனாப் போதும், ரெண்டு மணி நேரத்துல குடலைப் புரட்டிடும்."

டுவெய்ன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நாப்பது பானைல ஒரு பானை. கலந்து போயிருக்கும்."

"கலந்ததுதான் பிரச்சினை. இல்லாட்டி ஒரு பானையைக் கீழ கொட்டிட்டுப் போயிருப்பேன். இப்ப எவன் தட்டுல எத்தனை விழும்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப எல்லாத்தையும் கொட்டவா சொல்றே? வெளிய இருநூறு பேரு வருவான்."

"கொட்ட வேணாம். கொதிக்க விடணும். தளதளன்னு அரை மணி. அண்டா கொதிக்கவே அரை மணிக்கு மேல ஆகும்."

"ஆறு மணியாயிடும். பசங்க கொல்லைக்குப் போயிடுவானுங்க."

"பசியோட போனா திரும்பி வருவான். வாந்தி எடுத்தா வரமாட்டான்."

டுவெய்ன் அண்டாவைச் சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ரொட்டி அடுக்குவதை நிறுத்திவிட்டு நின்றார்கள். ஒவ்வொருத்தியும் அடுத்தவள் பானையை நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"யாரு பானை அது?" என்றார் டுவெய்ன், பொதுவாக.

அந்தக் கேள்வி லிண்டாவில் கேட்கக் கூடாத கேள்வி. ஒருத்தி கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பினாள். அங்கே காலிப் பானைகள் அடுக்கியிருந்தன. அவற்றில் எதிலாவது கெட்டிப் பயறு ஒன்றிரண்டு ஒட்டியிருந்தால், அடியைத் திருப்பிப் பார்த்தால் பெயர் இருக்கும். நான் வாயைத் திறந்தேன்.

"என்னுது," என்றார் வெர்லீன்.

டுவெய்ன் அவரையே பார்த்தார். "மறுபடியுமா வெர்லீன்?"

"மறுபடிதான். அடுப்பை முழுசாத் திற."

அந்த 'மறுபடியுமா' அங்கே நின்ற எல்லோர் காதிலும் விழுந்தது. நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரின் மனைவியும் அவர்களில் இருந்தார்.

அண்டாவைக் கொதிக்கவைப்பது எளிதல்ல. கெட்டிக் குழம்பு அடிபிடிக்கும். அடிபிடித்தால் இருநூறு பேருக்கும் கரிந்த நாற்றம்தான். நானும் அவரும் எதிரெதிரே நின்று துடுப்புப் போட்டோம். அவர் ஒவ்வொரு மூன்று நிமிடத்துக்கும் வெப்பமானியை நுழைத்து ஃபாரன்ஹீட் கணக்கில் எண்ணைச் சொன்னார். இருநூற்றுப் பத்தைத் தொட்டால் கொதி. நூற்று எழுபத்தாறு. நூற்று எண்பத்தொன்று. பத்து நிமிடம் நூற்று எண்பத்தொன்றிலேயே நின்றது. வெளியே வண்டிகள் வந்து நிற்கும் சத்தம், கதவுகள் சாத்தும் சத்தம். ஐந்து மணி அடித்தது.

"வெர்லீன்," என்றேன். "அந்தப் பானை..."

"துடுப்பை நிறுத்தாதீங்க டீச்சர். அடி பிடிச்சுடும்."

"இல்லை, அது என்..."

"அடியச் சுரண்டுங்க. மேலாப்புல கிண்டாதீங்க."

நான் சுரண்டினேன்.

கொட்டகைக் கதவுக்கு வெளியே சிரிப்பும் கேலியும் கேட்டன. "ஏம்மா வெர்லீன், மாட்டை இப்பதான் வெட்டறியா?" என்று ஒரு குரல். "அது அவ சமையல், காத்திருந்து சாப்பிட்டா திங்கக்கிழமை லீவு போடலாம்," என்றது இன்னொன்று. அதற்கு எழுந்த சிரிப்பு முதல் சிரிப்பைவிடக் குறைவாக இருந்தது. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. வெர்லீன் தலை நிமிரவில்லை. இருநூற்று மூன்று, என்றார். இருநூற்று எட்டு.

ஐந்து இருபத்தைந்துக்கு நடுவில் ஒரு பெரிய குமிழி எழுந்து வெடித்து என் மணிக்கட்டில் தெறித்தது. இருநூற்றுப் பத்து. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அந்த நிமிடத்தைத் தன் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டார். அதிலிருந்து முப்பது நிமிடம் கழித்து, ஐந்து ஐம்பத்தைந்துக்கு, அவர் பத்துப் பயறுகளை எடுத்துத் தானே தின்றார். இன்னும் கொஞ்சம் கடுக்கென்றுதான் இருந்தன என்றார். "கடுக்குனு இருக்கட்டும். கொதிச்சிருக்கு." பிறகுதான் கதவைத் திறக்கச் சொன்னார். அதற்குள் இருபது முப்பது பேர் கொல்லைக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் பங்கு ரொட்டி மேசையில் காய்ந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் வெர்லீன் எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தார். எல்லோரும் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் வரவில்லை என்று எண்ணுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. நானும் அதையே செய்துகொண்டிருந்தேன். ஷிமெக் குடும்பம் ஆறு பேர். அவர்கள் வரிசை முழுக்கக் காலியாக இருந்தது. ஆராதனை முடியும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. பாட்டு நடுவில் எழுந்து போனார். நானும் பின்னால் போனேன். அவர் காரில் ஏறிக்கொண்டேன்.

நான்கு மைல். அவர் ஐம்பதில் போக வேண்டிய மண்சாலையில் எழுபதில் ஓட்டினார். ஷிமெக் வீட்டில் யாரும் இல்லை. கதவைத் தட்டினார், ஜன்னலில் எட்டிப் பார்த்தார், கொல்லைப்புறம் சுற்றி ஓடினார். தூரத்தில் சோளக்கொல்லைக்கு மேலே தூசி மேகம் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. மழை வரும் என்று வானொலி சொன்னதால் குடும்பமே விடியலிலிருந்து அறுவடையில் இருந்தது. பல் இல்லாத கிழவர் ட்ராக்டரிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன வெர்லீன், ஞாயித்துக்கிழமை வேலை செய்றோம்னு பாதிரி அனுப்பினாரா?"

"உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கா? நேத்து ரெண்டு தட்டுத் தின்னேன். மிச்சம் இருந்தாக் குடு."

வெர்லீன் கார்க் கதவில் சாய்ந்து நின்றார். திரும்பும் வழியில் நான் சொன்னேன்: "குழுகிட்ட நான் சொல்லிடறேன். அது என் பானைன்னு."

"தெரியும் உங்க பானைன்னு. மூடியத் தெறந்தப்பவே பயறு மினுக்குச்சு. பாத்தேன். புதுசா வந்தவங்க, எல்லார் எதிரிலயும் மென்னு பாக்கக் கூடாதுன்னு ஊத்திட்டேன். ஊத்தினது நான்."

"போட்டது நான்."

"நீங்க சொன்னா, சந்தேகம் வந்தும் ஊத்தினவள்னு எனக்கு ஒரு தப்பு கூடச் சேரும். உங்களுக்கு ஒண்ணு சேரும். இப்ப ஒரே தப்பு, ஒரு மணி நேரம் லேட்டு. அதுக்கா வேலைய எடுப்பான்?" அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்புறம் இன்னொண்ணு. யாரு பானைன்னு ஒருதரம் கண்டுபிடிச்சுட்டா, அடுத்த வருஷம் நாப்பது பேரும் நாப்பது அண்டா கொண்டு வருவான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை என் வகுப்பறை மேசையில் என் பானை இருந்தது. உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததுபோல் மின்னியது. அடியைத் திருப்பிப் பார்த்தேன். பெயர் எழுதிய டேப் இல்லை. அது இருந்த இடத்தில் பசையின் சதுரம் மட்டும் இருந்தது. சனிக்கிழமை அந்தக் கொதியலுக்கு நடுவில் எப்போது அதைப் பிய்த்தார் என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் பதினான்காம் தேதி நிர்வாகக் குழு கூடியது. ஆறு உறுப்பினர்கள், பள்ளி நூலகத்தில். பார்வையாளர் நாற்காலிகளில் பதினைந்து பேர் இருந்தோம். சூடாக்கும் குழாய் அளவுக்கு மீறிக் கொதித்ததால் யாரோ பின்பக்க ஜன்னலைத் திறந்துவைத்திருந்தார்கள். வெர்லீனின் ஒப்பந்தம் ஏழாவது பொருள். குழுத் தலைவர் மார்ச்சில் வந்த புகாரைப் படித்தார். நர்ஸின் முடிவைப் படித்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது, விருந்தில் அண்டாப் பக்கம் நின்ற மனைவியின் கணவரான அந்த உறுப்பினர் கையைத் தூக்கினார்.

"மார்ச்சு விஷயத்தை விடுவோம். போன மாசம் சில்லி விருந்துல விஷப் பயறு போட்டது அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இது பிள்ளைகள் சாப்பிடற சமையலறை."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "உண்மையா வெர்லீன்?"

வெர்லீன் முன்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பி ஒரு பெயரைச் சொன்னால் போதும். என் பெயர் மூன்று எழுத்து. அவர் சொல்லவில்லை. "அன்னைக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகலை. லேட்டானதுக்கு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்," என்றார்.

நான் எழுந்து நின்றேன். நாற்காலி தரையில் உராய்ந்து சத்தம் போட்டது. ஆறு உறுப்பினர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். என் ஒப்பந்தமும் அதே ஆறு பேர் கையில்தான் இருந்தது.

வெர்லீன் திரும்பினார். "எழுந்ததுதான் எழுந்தீங்க டீச்சர், அந்த ஜன்னலைச் சாத்திடுங்க. முதுகுல காத்து அடிக்குது."

சிலர் சிரித்தார்கள். நான் நடந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். கொக்கி துருப்பிடித்திருந்தது, சேர்ந்து பிடிக்க நேரமானது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது வாக்கெடுப்பு முடிந்திருந்தது. மூன்றுக்கு மூன்று. சமநிலை என்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தீர்மானம் தோற்றது என்று பொருள். மே மாதம் பள்ளி முடியும் நாளோடு அவர் வேலை முடிந்தது. கடைசி நாள் சமையலறை விளக்கை அணைத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை.

அவர் இருபத்தாறு மைல் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலைக்குப் போனார். தினமும் ஐம்பத்திரண்டு மைல் ஓட்டினார். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த அக்டோபரில் தீயணைப்புப் படையினர் அண்டாவின் பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்று பேசி, போன வருடம் ஒன்றரை மணி நேரம் கை ஓயாமல் துடுப்புப் போட்ட டீச்சருக்கே கொடுத்தார்கள். நான் மறுத்துப் பார்த்தேன். மறுப்பதற்கான உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் மறுத்ததால் யாரும் கேட்கவில்லை.

அதன்பின் எட்டு அக்டோபர்களும் வெர்லீன் பின்வாசலுக்குத் தன் பானையோடு வந்தார். பானைக்கடியில் பெயர் எழுதிய டேப் இருக்கும். கைப்பிடியில் துணி சுற்றியிருக்கும். நான் மூடியைத் திறப்பேன். பயறு ஒவ்வொன்றும் தோல் வெடித்துக் குழைந்திருக்கும். ஒவ்வொரு முறையும், இந்த முறை கேட்டுவிடுவார், ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்ப்பேன். முதியோர் இல்லத்தின் பழைய அடுப்பைப் பற்றிச் சொல்வார், சாலையில் மான் குறுக்கே வந்ததைச் சொல்வார், போய்விடுவார். வருடத்துக்கு வருடம் அந்த எதிர்பார்ப்பு குறையவில்லை.

2019இல் நான் பானையை வாங்கி மேசையில் வைத்தேன். ஊற்றவில்லை.

"வெர்லீன், உங்களுக்கு நான் ஒண்ணு பாக்கி இருக்கேன்."

"தெரியும்," என்றார். "ஊத்துங்க, ஆறிடும்."

ஊற்றினேன். காலிப் பானையை அவரே கழுவி எடுத்துக்கொண்டு போனார். அடுத்த பிப்ரவரியில், விடியற்காலை வேலைக்குப் புறப்படுமுன், வீட்டுச் சமையலறையில் இறந்துபோனார். அந்த எட்டு வருடத்தில் என்னிடம் அவர் கேட்டது, அந்த ஜன்னலைச் சாத்தச் சொன்னதையும் சேர்த்தால், ஒன்றே ஒன்றுதான்.